வெற்றுத் தோட்டா

முறுக்கு உரல் காணாமல் போன அன்றே நாச்சாயி சத்தம் போட்டிருக்க வேண்டும். சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாவில் மறுபடி வெடிமருந்து அடைக்கக் கருவி செய்கிறேன் என்று, புருஷன் மாரப்பன் அவள் அடுப்படியையே கொட்டகைக்குக் கடத்திவிட்டான். உரல், தோட்டாவின் அடியில் வெடிமூடியை வைத்து அழுத்தும் கருவியானது. கரண்டி காம்பை இழந்து மருந்து அளக்கப் போனது. பூரிக்கட்டையைச் சீவிச் சீவி, தோட்டாவுக்குள் இடிக்கும் குச்சியாக்கினான்.

பொழுது சாய, குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் பன்றிகள் இறங்கின. நாச்சாயி கொட்டகைக்கு ஓடினாள்.

"ஏனுங்க, பன்னிங்க பாதிக் காட்டத் தோண்டிப்போட்டுதுங்க. சுடுங்க!"

"இரு புள்ள. தோட்டா உப்பிப்போச்சு, துப்பாக்கிக்குள்ள நுழைய மாட்டீங்குது. அமுக்கறதுக்கு இன்னொரு கருவி செஞ்சுபோட்டா முடிஞ்சுது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெற்றுத் தோட்டா ஒன்றைப் பிடுங்கி, உதட்டில் வைத்து, ஆத்திரம் தீர ஊதினாள். காது கூசும்படி ஒரு சீழ்க்கை கிளம்பியது. பன்றிகள் குட்டிகளோடு வரப்பைத் தாண்டி ஓடின.

மாரப்பன் காட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை.

"எச்சப் பண்ணிப்போட்டியே! ஈரமிருந்தா மருந்து நமுத்துப்போயிருமே" என்றான். உள்ளே விட்டுத் துடைக்க ஏதாவது அகப்படுமா என்று, அவன் பார்வை மெல்ல அடுப்படிப் பக்கம் திரும்பியது.