பேசியது போர்பன்

துரை கிளாசை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு. துரை என்பது தெரு வைத்த பெயர். தண்ணீர் மீட்டர் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அது கிண்டல் என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

எதிரே மனைவியின் தம்பியும் எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டரும். இருவர் கையிலும் பீர். போர்பன் துரைக்கு மட்டும். விருந்தாளிகளின் நாக்குக்கு அது வீண் என்பது அவர் கொள்கை.

“இது சாதா விஸ்கி இல்ல மாப்ள. பாதிக்கு மேல சோளம். கருக்கின புதுப் பீப்பாய்ல தூங்கி எந்திரிச்சு வரணும். பார்ல போய் குடிக்கிறவன் போக்கிடம் இல்லாதவன். ரசிகன் மலிவா, நல்லதா, மொத்தமா வாங்கி வீட்ல அடுக்கி வச்சுக் குடிப்பான்.”

ரசிகனின் கண்ணாடி அலமாரியில் பாட்டில்கள் லேபிளை முன்னால் காட்டிக்கொண்டு அணிவகுத்து நின்றன. தள்ளுபடி போடும்போதெல்லாம் இரண்டு, மூன்று வந்து சேரும். பதினோரு பேர் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். திறந்த பாட்டில் ஒன்று தனியாக மேசைமேல்.

அதிலிருந்து ஊற்றித் தருவது மனைவியின் வேலை. இரண்டு விரல் உயரம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மூன்றாவது கிளாசில் துரைக்கு நாக்கு குழறும். அதற்குமேல் வாயில் வருவதற்கு அவர் பொறுப்பில்லை. மாஸ்டரின் வழுக்கை, மைத்துனன் வேலை இல்லாமல் சுற்றிய மூன்று வருடம், எல்லாம் மேசைக்கு வரும். அவர்களும் சிரித்துவைப்பார்கள். போதையில் இருப்பவரிடம் என்ன கோபம்?

போன ஞாயிறு மனைவியின் முறை.

பதினெட்டு வருடம் முன்னால் ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்த குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

“ஒண்ணே ஒண்ணு, அதையும் உருப்படியாப் பெத்துத் தரத் தெரியல. ஊத்த மட்டும் தெரியும் இவளுக்கு” என்றார் துரை, அவள் தம்பியை வைத்துக்கொண்டு.

மறுநாள் காலை பல் துலக்குவதற்கு முன்பே வந்து நின்றார். “நான் பேசலம்மா. போர்பன் பேசிச்சு.”

அவள் மன்னித்தாள். அது அவளுக்குப் பழக்கம். கோபத்தை அப்படியே பாட்டில்கள் பக்கம் திருப்பிவிட்டாள்.

துரை இப்போது கிளாசை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஓர் இழுப்பு.

கண் திறந்துகொண்டது.

“என்ன மாமா, நின்னுட்டீங்க? சோளம் இன்னும் முளைக்கலையா?” என்றான் மைத்துனன்.

துரை அலமாரியைப் பார்த்தார். அணிவகுப்பில் ஓர் ஆள் குறைந்திருந்தான்.

ஞாயிறு காலைகளில் கால் மணி நேரம் அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். சரக்கைக் காற்றாட விடுகிறேன் என்பார். இன்று காலை அதை முடித்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அலமாரிச் சாவி, கழற்றிப்போட்ட சட்டையிலேயே இருந்தது.

எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிடுவதுதான் அவள் திட்டம். மேசைமேல் இருந்த பாட்டிலைத்தான் முதலில் கவிழ்த்தாள். வாசனை அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. பால் இல்லாத, சர்க்கரை இல்லாத, ஆறிப்போன தேநீர்.

தேயிலை டப்பா ஏன் இத்தனை சீக்கிரம் காலியாகிறது என்று பாத்திரம் கழுவ வந்தவளைச் சந்தேகப்பட்டு, போன மாதம்தான் அவளை நிறுத்தியிருந்தாள்.

அலமாரியில் இருந்த பதினொன்றையும் மூடி மூடியாகத் திருகிப் பார்த்தாள். ஒன்றின் சீலும் உடையவில்லை. பின்வரிசைக்கும் பின்னால், நான்காக மடித்த மருத்துவமனைச் சீட்டு. ஐந்து மாதம் பழையது. கல்லீரல் என்று ஆரம்பித்து, இனி ஒரு சொட்டு போனாலும் உயிருக்கு ஆபத்து என்று முடிந்தது. டாக்டர் அதன் அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

அந்த ஐந்து மாத ஞாயிறுகளையும் தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே அவள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். குழறிய நாக்கு. தள்ளாடிய நடை. போன வாரம்.

அன்றைக்குப் பேசியது தேநீர்.

பிறகு காலிப் பாட்டிலைக் கழுவித் துடைத்து, அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, சீலை உடைத்து, அதில் ஊற்றி நிரப்பினாள்.

“ஆறிடப் போகுது துரை” என்று மாஸ்டர் சிரித்தார்.

துரை மனைவியைப் பார்த்தார். அவள் பாட்டிலின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிளாசைக் கீழே வைத்துவிடலாம். எனக்கு உடம்பு சரியில்லை, இதுவரை குடித்ததெல்லாம் தேநீர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், ஐந்து மாதமாகப் பேசியதெல்லாம் அவர் பேசியதாகிவிடும்.

“குடிங்க. இன்னைக்கு நீங்க என்ன பேசினாலும் மன்னிச்சிடுறேன்” என்றாள்.

துரை கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

“பாத்துக்கங்க மாஸ்டர், ரசிச்சுக் குடிக்கிறதுன்னா இதான்” என்றான் மைத்துனன்.

அவள் காலி கிளாசை வாங்கிப் பாட்டிலைச் சாய்த்தாள்.

இந்த முறை மூன்று விரல்.