ஒன்பதாவது திருகாணி

எல்கார்ட் நகரத்து பேண்டு மாஸ்டர் தார்ஸ்பி, பாரம்பரியமே நம் மூச்சு என்று மேடையில் முழங்கிய அதே வாரத்தில், செத்துப்போன ரோலண்டு வாழ்நாளெல்லாம் வாசித்த பித்தளை ஸ்னேர் டிரம்மைக் குப்பைத்தொட்டியில் வீசினார். அதை எடுத்துவந்த வெண்டலுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நண்பனின் டிரம் இன்று பதினோரு மணி ஊர்வலத்தில் அந்த ஆளின் காதருகே அதிர வேண்டும்.

தோலை இறுக்கும் எட்டுத் திருகாணிகளில் மூன்றைக் காணோம். தேடிப்பிடித்துத் தபாலில் வரவழைத்த மூன்றையும் பொருத்தினான். இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது.

"உனக்கு எண்ணத் தெரியாதுன்னு கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள் மனைவி டோரீன்.

"அப்ப நீயே எண்ணு, மகராசி!"

திருகாணி இடங்களை எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். உள்ளே போய்விட்டாள்.

வெண்டல் தபால் உறையை உதறினான். நான்காவது திருகாணி விழுந்தது. அவன் கேட்டது மூன்றுதான்.

திருகாணிகளை எதிரெதிர் ஜோடியாகத்தான் முறுக்க வேண்டும்; ரோலண்டு இருந்தவரை ஒரு பக்கம் இவன், எதிர்ப்பக்கம் அவன். இல்லாவிட்டால் தோலைப் பிடித்திருக்கும் வளையம் கோணிவிடும். எட்டுக்கு நான்கு ஜோடி. ஒன்பதாவதற்கு எதிரே வெறும் பித்தளைதான்.

"கோணினா கோணட்டும், சனியனே!" என்று ஒன்பதாவதையும் பொருத்தி, டிரம் சாவியால் அரைச் சுற்று முறுக்கினான். எதிர்ப்பக்கம், திருகாணியே இல்லாத இடத்தில், வளையம் அதே அளவு இறங்கியது.

வெண்டல் சாவியைக் கீழே வைத்தான். எதிர்ப்பக்கம் இன்னோர் அரைச் சுற்று இறங்கி, அவன் முறைக்காக நின்றது.

மணி பத்தரை. தார்ஸ்பியின் காதை நினைத்துக்கொண்டு வெண்டல் சாவியை எடுத்தான்.