மழைக்கு விட்ட முகம்

"ஏம்பா ஏசுதாசா, இது உனக்கே நல்லா இருக்கா?"

குடையைக்கூட மடக்கவில்லை ஜோசலின். பல்லாவரத்தில் கல்லறைச் சிலை செய்யும் ஏசுதாசனின் பட்டறைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள். பின்னால் மகள் ஸ்நேகா.

திறந்தவெளியில், பலகைமேல் ஒரு களிமண் குழந்தை படுத்திருந்தது. கழுத்துவரை பிளாஸ்டிக் ஷீட். முகம் மட்டும் மழையில். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வெறும் மண்.

"உன் பைக்கு ஷெட்டுல நனையாம நிக்குது. என் பேரன் மழையில கிடக்கிறான்!"

"அக்கா, கோவப்படாதீங்க..."

"கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான். பொறக்கும்போதே போயிட்ட பிள்ளைக்கு இவ ஆசையா கேட்டது இது ஒண்ணுதான். நகம் வரைக்கும் செஞ்ச கைக்கு முகம் செய்ய வலிக்குதா?"

சொல்லிக்கொண்டே ஷீட்டை இழுத்து முகத்தை மூடப் போனாள்.

"மூடாதம்மா!" ஸ்நேகா ஓடி வந்து தடுத்தாள். "முகம் வேணாம்னு நான்தான் அங்கிள்கிட்ட சொன்னேன்."

"என்னடி சொல்றே?"

"எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள அடக்கமே முடிஞ்சு போச்சு. துணியில சுத்தித்தான் குடுத்தாங்க, முகத்தை யாருமே பாக்கலைன்னு நீதானே சொன்னே? அங்கிளா நினைச்சு ஒரு முகம் வச்சா, அது வேற யார் பிள்ளையோதானே?"

ஏசுதாசன் மெல்லச் சொன்னான். "அதான் மழைக்கு விட்டுட்டேன் அக்கா. நாலு நாளா பெய்யுது, மேடு பள்ளம் அதுவா வந்துகினு கீது. ஞாயித்துக்கிழமை அப்படியே அச்சு எடுத்து சிமென்ட்ல வார்த்துடுவேன். என் கை படாத முகம். ஆண்டவர் பாத்துக் குடுக்கிறது."

"எப்படி வந்தாலும் சரிம்மா," என்றாள் ஸ்நேகா. "கோணலா வந்தாலும் என் பிள்ளைன்னு வச்சுக்குவேன்."

மகள் சீக்கிரம் மறந்துவிட வேண்டும் என்றுதான் இந்த ஆறு மாதமும் ஜோசலின் ஜெபமாலை உருட்டினாள்.

மழை வலுத்தது. குடையை ஓரமாக வைத்துவிட்டு, பலகை அருகே மண்டியிட்டாள். விரலால் அந்த ஈர மண்ணைத் தொட்டாள்.

"இங்க ஒரு குழி இருந்துச்சு ஸ்நேகா," என்றாள். "தாடையில. உனக்கு இருக்கிற மாதிரியே."