மலையடிவார நிறுத்தம்

வேல்ஸில் மூன்று கல்லூரிகளைச் சேர்த்து ஒரே பல்கலைக்கழகமாக்கியபோது, மலையடிவாரத்துக் கல்லூரியைப் பூட்டிவிட்டார்கள். வளாகப் பேருந்து ஓட்டும் கெதின் மட்டும் தினமும் காலையில் அங்கே நிறுத்துவார்.

"பூட்டின கேட்டுல யாருக்குண்ணே நிறுத்துறீங்க? நேரா விடுங்க," என்றாள் உடன் வந்த புது மேற்பார்வையாளர் கார்வென். பேருந்தில் வேறு யாருமில்லை.

கெதின் நேராக விட்டார். இறங்குவதற்கான மணி அடித்தது. நிறுத்திக் கதவைத் திறந்தார். அந்த ஊரில் ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் எவரும் இறங்கமாட்டார்கள்.

"நன்றி டிரைவர்!" என்றது ஆளில்லாத படியிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல்.

"பாத்துப் போம்மா," என்றார் கெதின்.

அட்டவணையில் கோடிழுத்து அடித்திருந்த நிறுத்தத்தைக் கார்வென் மறுபடி எழுதினாள். "சாயங்காலம் இந்தப் பொண்ண யாருண்ணே கூட்டிட்டு வர்றது?"

கெதின் நிம்மதியாகச் சிரித்தார். "யாரும் திரும்பி ஏறினதில்லம்மா. தினம் ஒருத்தர் புதுசா இறங்குவாங்க. அங்க நல்லாத்தான் இருக்கும்போல."