ஏலத்தில் எடுத்த துப்பாக்கி

காட்டில் அன்று ஏலம். அவரவரிடம் உள்ளதைக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். கருங்குரங்கு ஜமீன் காலத்துத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக் காட்டியதும், தாய் முள்ளம்பன்றிக்கு வளையில் விட்டுவந்த குட்டிகளின் நினைவு வந்தது. இது வாசலில் கிடந்தால் எவன் கிட்டே வருவான்?

“ஒரு பிடி முள்” என்றது.

“ஒரு மான் தொடை” என்றது பின்னாலிருந்த செந்நாய்.

இவன் கைக்குத் துப்பாக்கி போனால் குட்டிகளோடு சாக வேண்டியதுதான் என்று முள்ளம்பன்றி பயந்தது. செந்நாய் விலையை ஏற்ற ஏற்ற அதுவும் ஏற்றியது. கடைசியில், “என் முள் அத்தனையும்” என்றது.

செந்நாய் விலகிக்கொண்டது.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

குரங்கு ஒரு முள் விடாமல் பிடுங்கிக்கொண்டது. எரிகிற முதுகோடு முள்ளம்பன்றி கேட்டது: “தோட்டா?”

“இதுக்குத் தோட்டா செய்யறதை எப்பவோ நிறுத்திட்டாங்க தாயி. கிடைக்காத பொருள், அதான் இந்த விலை.”

முள்ளம்பன்றி துப்பாக்கியை இழுத்துப் பார்த்தது, அசையவில்லை. செந்நாய் பக்கத்தில் வந்து நின்றது.

“நீயும் இதுக்குத்தானே அவ்வளவு கேட்டே?” என்றது முள்ளம்பன்றி.

“எனக்கு எதுக்குக்கா துப்பாக்கி?” என்றபடி செந்நாய் அதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது. “உன் வளை எந்தப் பக்கம்? கொண்டுவந்து வெச்சிட்டுப் போறேன்.”