பெயர் எழுதாத பாட்டில்கள்

போர்சோக் மாவுத் துண்டுகளின் கடைசி ஈட்டை எண்ணெயிலிருந்து அள்ளும்போதுதான் பெர்மெத் கவனித்தாள். அவசரத்தில் அவள் திறந்திருந்தது பெரிய பாட்டில்.

சின்ன பாட்டிலில் சமையல் சோடா. நெஞ்செரிச்சலுக்கு மாமனார் கரைத்துக் குடிப்பதும் அதைத்தான். பெரியதில், ஆட்டுக் கொழுப்பில் சோப்புக் காய்ச்சுகிற காஸ்டிக் சோடா. அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே மாமியார் சொல்லியிருந்தார். இரண்டும் வெள்ளைத் தூள்.

முதல் தட்டு விருந்தாளிகளிடம் போய்விட்டது. மாமனார் காதில் விழும்படி புது மருமகள் குரல் எழுப்பக் கூடாது. அவள் கத்திக்கொண்டே ஓடினாள்.

“யாரும் வாயில வைக்காதீங்க! பெரிய பாட்டில்ல இருந்து எடுத்துட்டேன் அத்தே!”

கைகள் பாதியில் நின்றன. மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடி அசடே! அது சமையல் சோடாதான்டி. நெறைய வாங்கினேன், சின்னதுல கொள்ளல. நேத்துதான் ரெண்டையும் மாத்தி வெச்சேன். நீங்க சாப்பிடுங்க!”

“நல்ல மருமக! நாரின் ஊர்ல இருந்து வந்தவங்கள பட்டினியா அனுப்பப் பாத்தாளே,” என்றார் ஒரு விருந்தாளி. அறையே சிரித்தது.

பெர்மெத் வெட்கத்தோடு தலைத்துணியை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். கறி தின்றுவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த மாமனாரின் இடம் காலியாக இருந்தது.

“அத்தே... மாத்தினத மாமாகிட்ட சொன்னீங்களா?”

மாமியாரின் சிரிப்பு நின்றது.

சமையலறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

“ஏம்மா பெர்மெத், பச்சத் தண்ணியிலதானே சோடா கலக்கினேன்? டம்ளர் ஏன் இப்படிச் சுடுது?”