மூன்றாவது சரணம்

அன்று ஆராதனைக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். போதகர். மிதி ஆர்மோனியம் வாசிக்கும் தையல்காரர். என் எதிர்வீட்டு நர்சம்மாவும் அவர் அக்காவும். லாரி மெக்கானிக், அவன் மனைவி, மூன்று பெண்கள். பேக்கரிக்காரர் குடும்பம் மொத்தமும். காது மந்தமான பழைய தபால்காரர். தனிக்குடித்தனம் இருக்கும் என் மகன், மருமகள். முதல் பெஞ்சில் நான். எனக்கு நேர் பின்னால், வெளியூரிலிருந்து வந்த சங்கீத ஆசிரியர்.

அவர் எங்கள் பாட்டைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் ஒன்றுகூடும் நாளில் எந்தச் சபை பாட்டை நடத்துவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எல்லா இடத்துலயும் பாடகர் குழு பாடும், சனம் வேடிக்கை பார்க்கும். இங்கே சபையே கூரை அதிரப் பாடுதாமே, எப்படி?" என்று வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்கப்பா பழக்கிவிட்டது" என்றேன்.

அப்பா பிரம்பால் தாளம் தட்டியே இந்தச் சபையைப் பாட வைத்தவர். அவருக்குப் பிறகு பாட்டு தொய்ந்துபோனது உண்மை. இரண்டு வருஷமாகத்தான் மறுபடி நிமிர்ந்திருந்தது. அப்பா போட்ட உரம் தாமதமாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியர் எங்களைத் தேர்ந்தெடுத்தால் அது அப்பாவின் பெயருக்குக் கிடைக்கும் மரியாதை.

பாட்டு ஆரம்பமானது.

எங்கள் சபையில் முதல் சரணம் சுமாராகத்தான் இருக்கும். இரண்டாவதில் சூடு பிடிக்கும். மூன்றாவதில் ஜன்னல் கண்ணாடி சிணுங்கும்.

அந்த மூன்றாவதற்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை.

தையல்காரர் பதற்றத்தில், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் சீருடை தைக்கிற வேகத்துக்கு மிதித்தார். ஆர்மோனியம் முன்னால் ஓடியது. சபை, செருப்பைத் தேடிக்கொண்டு வருகிறவர்களைப் போலப் பின்னால் வந்தது.

என் முதுகுக்குப் பின்னால் பேனா மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

ஆராதனை வேளையில் திரும்பிப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. அன்று திரும்பினேன்.

ஒருவர் கண்ணும் பாட்டுப்புத்தகத்தில் இல்லை. எல்லோரும் எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த என் மனைவியின் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்கின் வாய் பாதி திறந்தபடி நின்றிருந்தது.

"வாயில என்னடா, போல்ட்டா வெச்சிருக்க? பாடு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவன் குனிந்து, "அம்மாவைக் காணோமேய்யா. உடம்புக்கு முடியலையா?" என்றான்.

"தலைவலி. படுத்திருக்கா."

மகனுக்கும் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தேன்.

கடைசி சரணம் எப்போது முடிந்தது என்று தபால்காரருக்குத் தெரியவில்லை. அவர் மட்டும் இன்னும் ஒரு வரி பாடினார்.

ஆசிரியர் மரியாதையாகக் கைகுலுக்கினார். "அப்புறம் தகவல் சொல்றோம்" என்றார். அந்த 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

வெளியே படிக்கட்டில் மகனிடம் வெடித்தேன். "மானத்தை வாங்கிட்டாங்க! ஒரு நாள் வாயைத் திறந்தா தேய்ஞ்சா போயிடுவாங்க?"

மகன் தன் ஷூவைப் பார்த்தான். இதுவரை என்னை எதிர்த்துப் பேசாத மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

"மாமா, அவங்க எதுக்கு அப்படிப் பாடுறாங்கன்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கப்பா..."

"தாத்தாவை விடுங்க. பாட்டு ஆரம்பிச்சா அத்தை கத்துவாங்கல்ல? அது வெளியே கேக்கக் கூடாதுன்னுதான். முதல்ல மெக்கானிக் அண்ணன் குரலைத் தூக்குவார். அப்புறம் நர்சம்மா. அப்புறம் பெஞ்சு பெஞ்சா எல்லாரும். ரெண்டு வருஷமா."

என் மனைவிக்கு இரண்டு வருஷமாக நினைவு ஒரு நிலையில் இல்லை. மற்ற நேரத்தில் சாதுவாக இருப்பாள். இசை கேட்டால் போதும், செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டு அலறுவாள். சில வாரம் என்னைத் திட்டுவாள், எழுத முடியாத வார்த்தைகளால். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி பாடுவேன்.

சபையில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நல்லவேளை, நம் சபை இவ்வளவு உரக்கப் பாடுகிறது என்று கடவுளுக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஆசிரியருக்குப் போட்டிருந்த இடம் எங்களுக்கு நேர் பின்னால். அவ்வளவு பக்கத்தில் எந்தப் பாட்டும் மறைக்காது என்று முன்பே கணக்குப் போட்டிருந்தேன்.

மெக்கானிக் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினான். என்னைத் தாண்டும்போது நின்றான்.

"அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்கய்யா. அவங்க இல்லாம தொண்டையே எழும்பல."

சட்டைப்பையில் கையை விட்டேன். வீட்டுச் சாவி என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

எங்கள் சபை தேர்வாகவில்லை. அன்று பாதிப் பேர் வரவில்லை, அதனால்தான் பாட்டு எடுபடவில்லை என்று மற்ற சபைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் ஆட்களில் யாரோதான் என் முகத்தைக் காப்பாற்றக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும்.

அது பொய். எல்லோரும் வந்திருந்தார்கள். என் மனைவியைத்தான் நான் வீட்டுக்குள் தனியாக வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.